வெயிலையும் அரிவாளையும் முடிச்சுப் போடாதீர்கள்

"அருப்புக்கோட்டைப் பக்கமா? அரிவாள் ஊராச்சே!" சென்னையில் வாடகைக்கு வீடு தேடினாலும் சரி, கோவையில் சம்பந்தம் பேசினாலும் சரி, எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்டுச் சலித்த பேச்சு இது. திருச்சுழி, நரிக்குடி என்று சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் முகமே மாறிவிடும். வானம் பார்த்த பூமி, பிழைப்பில்லாத ஜனம், ரத்தத்திலேயே கோபம், இருட்டினால் வெளியே தலைகாட்ட முடியாது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குவார்கள். வெளியூர்க்காரர் சொன்னால் விட்டுவிடலாம். சொந்த ஊரில் மனை வாங்கத் தயங்கும் நம் பிள்ளைகளே இதைச் சொல்லும்போது பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதற்குச் சாட்சியாகக் காட்டப்படும் சம்பவங்கள் நடந்தவைதான். 2022 ஜூலையில் அருப்புக்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி தங்கள் வீட்டுக்குள்ளேயே கொலை செய்யப்பட்டார்கள். 2024 செப்டம்பரில், ஓட்டுநர் ஒருவர் கொலையானதைக் கண்டித்து நடந்த மறியலில் பெண் டி.எஸ்.பி. ஒருவர் முடியைப் பிடித்து இழுக்கப்பட்டதை நாடே பார்த்தது. அந்த நாட்களில் ஊர் நடுங்கியது உண்மை. ஆனால் சென்னையில் ஒரு அரசியல் தலைவர் நடுத்தெருவில் வெட்டப்பட்டால் சென்னை வெட்டுகிற ஊர் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. அங்கே நடந்தால் சம்பவம், இங்கே நடந்தால் ஊரின் குணம் என்பது என்ன நியாயம்?

கொலைகளின் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழகத்தில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ இரண்டு கொலைகள். நாட்டின் சராசரியும் அதே அளவுதான். கொலைக்கான காரணங்களில் தகராறும் முன்விரோதமும் முதல் இடங்களில் நிற்கின்றன. ஆதாயத்துக்காகச் செய்யும் கொலை அவற்றுக்கு வெகுவாகப் பின்னால்தான் வருகிறது. வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை, கொடுக்கல் வாங்கல், குடி என்று பெரும்பாலும் தெரிந்தவருக்குள் நடப்பது. புதிதாகக் குடிவருகிறவரை வழிமறித்து வெட்டும் ஊர் என்ற பயத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதே ஆண்டில் மாநிலத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,000 பேருக்கும் மேல், அதாவது கொலையானவர்களைப் போலப் பத்து மடங்கு. ஊரை ஒட்டி ஓடும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையைத் தலைக்கவசம் இல்லாமல் குறுக்கே கடப்பவர் அரிவாளுக்குப் பயப்படுவது வீண். உயிரைப் பறிக்கும் ஆபத்து வேலையிடத்திலும் உண்டு: 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர் கல்குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று பேர் செத்தார்கள். அதை யாரும் இந்த ஊரின் குற்றக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து, 'ரத்தத்திலேயே இருக்கிறது' என்ற பேச்சு. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான், ஏனென்றால் இதைத் தொடங்கி வைத்தது வெள்ளைக்கார அரசு. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. நம் பக்கத்தில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. இன்ன சாதியில் பிறந்தாயா, ரேகை வை. இரவில் ஆஜர் கொடு. ஊரைத் தாண்ட வேண்டுமா, சீட்டு வாங்கு. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த மக்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டார்கள். திருச்சுழியை அடுத்த கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்தில் ஆப்பநாட்டு மறவர்கள் மேலும் அந்தச் சட்டம் ஏறியது. அதை எதிர்த்து முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போனார். 1947இல் சென்னை மாகாணம் அதை ரத்து செய்தது. ஒரு மக்கள் கூட்டத்தையே பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதிவைத்த காகிதம் கிழிக்கப்பட்டு முக்கால் நூற்றாண்டு கடந்தும் கல்யாணத் தரகரின் வாயிலும் சினிமாவிலும் அது உயிரோடு இருக்கிறது.

மூன்றாவதாக, மழையில்லாத மண் மனிதனை முரடாக்குகிறது என்கிறார்கள். படித்தவர்கள்கூடச் சொல்வதால் இது கொஞ்சம் மரியாதையான பொய். பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தச் சீமையின் ஜனம் இலங்கைத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியது. இன்று திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. ஊரில் இருப்பவர்கள் தறியிலும் நூற்பாலையிலும் நிற்கிறார்கள். வறுமைதான் வன்முறைக்குக் காரணம் என்றால் 1997ஐ எப்படி விளக்குவது? பட்டியல் சாதி வீரரான சுந்தரலிங்கத்தின் பெயரை இந்த மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு கிளம்பியதில் கலவரம் வெடித்தது. கடைசியில் மாநிலம் முழுக்க மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. அன்று தடியெடுத்தவனைத் தூண்டியது பட்டினியா? இன்னொருவன் தனக்குச் சமமாக நிற்பதைப் பொறுக்காத மனம் அது. தென்மாவட்டச் சாதி மோதல்களை ஆராய்ந்த நீதிபதி மோகன் குழு இங்கே தொழிற்சாலை வேண்டும் என்று சொன்னது சரிதான், தொழில் வரட்டும். ஆனால் ஆலை வந்தால் சாதி தானாகக் கரையும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இங்கே உண்மையான ஆபத்து என்று நான் ஒத்துக்கொள்வது சாதி மோதல் ஒன்றைத்தான். அதற்குத் தேதியும் இடமும் முன்கூட்டியே தெரியும். ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் பரமக்குடியிலும் பசும்பொன்னிலும் நடக்கும் தலைவர்களின் நினைவு நிகழ்ச்சிகளுக்காகப் பக்கத்து மாவட்டத்தில் தடையுத்தரவு வருகிறது. தெரிந்த ஆபத்தைத் தடுக்க முடியும்.

இருட்டினால் நடமாட முடியாது என்பதற்குப் பெரிய பதில் தேவையில்லை. விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிக்கும் பெண்களையும் இரவு ஷிப்ட் முடிந்து மில் வேனிலிருந்து இறங்கும் பெண்பிள்ளைகளையும் கேளுங்கள். தெருவிளக்கு எரியவில்லை, கடைசிப் பேருந்து வரவில்லை, டாஸ்மாக் வாசலைத் தாண்டுவது கஷ்டம் என்பார்கள். மூன்றுமே நகராட்சியும் அரசும் தீர்க்கக்கூடியவை.

ஸ்டேஷனில் கேஸ் கூடிவிட்டது என்பதையும் பயமாகப் படிக்க வேண்டியதில்லை. மகளிர் காவல் நிலையம் வந்தபிறகு அடிவாங்கிய பெண் புகார் எழுதுகிறாள். 2012இல் போக்சோ சட்டம் வந்தபிறகு, பஞ்சாயத்தில் பேசி மூடிய கொடுமை வழக்காகிறது. வழக்கே இல்லாத ஊரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

ஆகவே ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகை போனால் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி, அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டைப் பூட்டி வெளியூர் போகும்போது ரோந்துக் காவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனில் பணம் பறிபோனால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வெளியூர்க்காரரே, பையனின் நடத்தையைத் தாராளமாக விசாரியுங்கள். அவன் திருச்சுழிக்காரன் என்பதற்காக மட்டும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.