அந்த ஒரு திருகாணி

வானொலி வேலை முடிந்தால் நான் குட்டி நீராவி எஞ்சின் செய்கிற ஆள். கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவரைக் கண்டால் என் கண் அதன் திருகாணிகள் மேல்தான் போகும். அவற்றின் லூகாஸ் மின்பாகங்களிலும் என் எஞ்சினிலும் இருப்பது ஒரே பிரிட்டிஷ் அளவு, ‘பி.ஏ.’.

இன்று இரும்புக் கடையில் கேட்டால் எம்5-ஐ நீட்டுவார்கள். 2 பி.ஏ.வின் விட்டம் 4.7 மி.மீ., எம்5-க்கு 5. மரை இடைவெளி 0.81, 0.8 என்று ஒட்டிவருவதால் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் மரைக் கோணம் 47.5 பாகை; எம்5-இல் 60. பலம்கொடுத்து முறுக்கினால் துளையின் மரையே அழிந்துவிடும். திருகாணி போனால் வேறு தேடலாம். அந்தப் பாகத்துக்கு எங்கே போவது?

பழைய வண்டி பிரிக்கும் பட்டறையில் சொல்லிவையுங்கள். உங்கள் வீட்டு டப்பாவில் துருப்பிடித்துக் கிடப்பதையும் வீசிவிடாதீர்கள்.