கஞ்சாச் சட்டமும் ஏழை வாலிபனும்

பள்ளிக்கரணை, மேடவாக்கம் வட்டாரத்தில் கட்டட வேலைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் போகும் வாலிபன் ஒருவன், சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்டால் என்ன ஆகும்? கேஸ், ரிமாண்டு, ஜெயில். ஜாமீனுக்கு ஆள் தேடவும் வக்கீலுக்குக் கொடுக்கவும் தாய் தகப்பன் வட்டிக்கு வாங்க வேண்டும். அவன் வெளியே வருவதற்குள் வேலை போய்விடும்.

நாம் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. உழைப்பாளியின் கூலியையும் புத்தியையும் தின்கிற சனியன் அது. சங்கக் கூட்டத்துக்கு வரவேண்டிய பையனைச் சந்து முனையில் முடக்கிப் போடுகிறது. விற்கிறவனைப் பிடித்து உள்ளே போடு என்று தாய்மார்கள் கேட்பது முற்றிலும் நியாயம். ஆனால், விற்றுக் கொழுத்தவனுக்கும் குடித்துக் கெட்டவனுக்கும் வித்தியாசம் வேண்டாமா?

1985-ம் வருடத்துப் போதைப் பொருள் சட்டத்தைப் பாருங்கள். 2001-ல் அதைத் திருத்தி அளவுகளை வகுத்தார்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறு அளவு'; 20 கிலோவுக்கு மேல் 'வியாபார அளவு'. அதாவது, 5 கிராம் வைத்திருந்த கூலிக்காரனும், முக்கால் கிலோவைப் பொட்டலம் கட்டி விற்கிற சில்லறை வியாபாரியும் ஒரே ஷரத்தில்! அதற்கு ஆறு மாதம் வரை என்றிருந்த கடுங்காவலை 2014-ல் ஒரு வருடம் வரை என்று ஏற்றினார்கள். அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணமுள்ளவன் பத்தாயிரத்தை வீசிவிட்டுப் போவான். அன்றாடங் காய்ச்சி?

வேடிக்கை இன்னொன்று. செடியின் பூவையும் காயையுமே இந்தச் சட்டம் கஞ்சா என்கிறது. தனி இலை கணக்கில் இல்லை. ஆகவே காசியில் லைசென்ஸ் கடையிலேயே பாங்கு விற்கிறது. இங்கோ சர்க்காரே டாஸ்மாக் நடத்துகிறது. சாராயம் குடித்தவன் வீட்டுக்கு, கஞ்சா குடித்தவன் ஜெயிலுக்கு!

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. அது சட்டைப் பையில் வரவில்லை, கன்டெய்னரில் வந்தது. போலீசின் பலமெல்லாம் அங்கே திரும்ப வேண்டும்.

போர்ச்சுகல் 2001-லேயே, பத்து நாள் சொந்த உபயோகத்துக்குள் வைத்திருப்பதைக் கிரிமினல் குற்றத்திலிருந்து நீக்கிவிட்டது. அப்படிப்பட்டவன் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஒரு கமிட்டி முன் போகிறான். நம் மத்திய சமூக நீதி இலாகாவும் 2021-ல், சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றமாக்க வேண்டாமென்று சிபாரிசு செய்ததாகப் பத்திரிகைகள் எழுதின. சட்டம் அசையவில்லை.

பார்லிமெண்ட் கிலோ கணக்கை விட்டுக் கிராம் கணக்கில் ஒரு கோடு கிழிக்கட்டும். கோட்டுக்குக் கீழே ஜெயில் கூடாது, வைத்தியம் வேண்டும்.

அதுவரை இருக்கிற சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. 64-ஏ பிரிவின்படி, சிறு அளவு வழக்கில் சிக்கிய போதை அடிமை தானாகவே சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ, சர்க்கார் அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கிலிருந்து விடுபடலாம். சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது. இதைப் போலீஸ் ஸ்டேஷனில் யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள். தெருவில் எந்தப் பையன் பிடிபட்டாலும், தோழர்கள் முதல் நாளே வக்கீலிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்க வேண்டும்.