மழை பொய்த்தால் மின்சாரமும் குறையும்

வானம் பார்த்த பூமிக்குத்தான் மழையின் தயவு வேண்டும், கிணறும் மோட்டாரும் உள்ளவருக்குக் கவலை இல்லை என்று கிராமங்களில் ஒரு பேச்சு உண்டு. இது பாதிதான் உண்மை. கிணற்றுக்கு நீர் தருவது மழை. அந்த நீரை மேலே கொண்டுவரும் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தருவதும் மழையே. பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே சமயத்தில் கைவிடக்கூடும். இதைச் சிறு விவசாயிகள் உணர்ந்து, இப்போதே தக்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

மின்சாரத்துக்கும் பருவம் உண்டு

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் மேட்டூர், பாபநாசம், குந்தா எனப் பல நிலையங்கள் வந்தன. இன்று தமிழ்நாட்டு நீர்மின் நிலையங்களின் மொத்தத் திறன் சுமார் 2,300 மெகாவாட். காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். நீர்மின்சாரம் மழையை நம்பியது. காற்றாலை மின்சாரத்தின் பெரும்பகுதி பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்றை நம்பியது. ஆக, பயிருக்கு உள்ளது போலவே மின்சாரத்துக்கும் பருவம் உண்டு.

அனல் மின்சாரத்துக்கு இத்தொல்லை இல்லை என்று எண்ணக் கூடாது. சுழலியை ஓட்டிய நீராவியைக் குளிரவைக்க நிறைய நீர் வேண்டும். மேற்கு வங்கத்தில் 2,100 மெகாவாட் திறனுள்ள ஃபராக்கா அனல் மின் நிலையம், கங்கையிலிருந்து பிரியும் கால்வாயில் நீர் போதாமல் 2016 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது.

மழை குறைந்தால் இவ்வாறு; வெள்ளமும் புயலும் வந்தால் வேறுவகைக் கேடு. 2023 அக்டோபர் 4-ஆம் தேதி சிக்கிமில் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம், தீஸ்தா ஆற்றில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையை இழந்த விவசாயிகள், எஞ்சிய பயிருக்கு நீர் இறைக்கவும் வழியின்றித் தவித்தனர்.

ஒவ்வொரு வறட்சிக்கும் புயலுக்கும் பருவநிலை மாற்றமே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று கொள்ளும் நீராவி சுமார் 7 சதம் கூடும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், இடையில் மழையற்ற நாட்கள் நீள்வதும் அதிகமாகின்றன.

வரவு குறையும்போது செலவு கூடும்

மழையற்ற ஆண்டில் மின் உற்பத்தி குறையும் அதே வேளையில், நீர் இறைக்கும் தேவை கூடுகிறது. 2012-இல் வட மாநிலங்களில் பருவமழை தாமதித்தது. நெல் வயல்களுக்காக மோட்டார்கள் இடைவிடாது ஓடின. ஜூலை 30, 31 தேதிகளில் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. மின்பாதைக் கோளாறும், சில மாநிலங்கள் அளவு மீறி மின்சாரம் எடுத்ததும் இதற்கு உடனடிக் காரணங்கள். சுமையை முன்னதாகவே ஏற்றி வைத்தது மழைக் குறைவு.

தமிழ்நாட்டில் 2024 மே மாதக் கடும் வெயிலில் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. நகரத்து ஏ.சி.யும் கிராமத்து மோட்டாரும் ஒரே மின்சாரத்துக்குப் போட்டியிடும்போது, பின்தங்குவது பெரும்பாலும் மோட்டார்தான்.

எத்தனை அடியிலிருந்து நீர் வருகிறது?

ஒரு ஏக்கரில் 1 அங்குல உயரம் நீர் நிறுத்தச் சுமார் 1 லட்சம் லிட்டர் வேண்டும். பம்ப்செட்டின் திறன் 40 சதம் எனக் கொண்டால், 30 அடி ஆழத்திலிருந்து இந்நீரைத் தூக்க 6 யூனிட் மின்சாரம் போதும். 300 அடியிலிருந்து தூக்க 60 யூனிட்டுக்கு மேல் வேண்டும். வயலுக்குப் பாய்ந்த நீர் ஒன்றே. மின்செலவு பத்து மடங்கு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதம் குறைந்தது போன்ற ஆண்டுகளில் நீர்மட்டம் இறங்க, இச்செலவும் ஏறிக்கொண்டே போகும்.

1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம்தானே என்று கேட்கலாம். கட்டணம் இல்லை, ஆனால் செலவு உண்டு. குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் காயில் எரிந்தால் அந்தச் செலவும், போரை மேலும் ஆழப்படுத்த வாங்கும் கடனும் விவசாயி தலையில்தான் விழுகின்றன. இலவச மின்சாரத்தால் அதிகப் பயன் பெறுபவர், ஆழமாகத் துளையிட வசதி உள்ளவர். பக்கத்தில் திறந்த கிணற்றை நம்பியிருக்கும் ஓர் ஏக்கர்க்காரரின் ஊற்று வற்றிவிடுகிறது.

இதற்காக இலவச மின்சாரத்தை நிறுத்துவது முறையாகாது. விளைபொருளுக்கு உரிய விலை கிடைக்காதபோது அது சிறு விவசாயியையே முதலில் ஒடிக்கும். அதைவிட, பழைய மோட்டார்களை மாற்றித் தரவும், ஏரி குளங்களைத் தூர் வாரவும் அரசு கூடுதலாகச் செலவிடுவதே சரி. மிச்சமாகும் மின்சாரமே அச்செலவில் ஒரு பங்கை ஈடுசெய்யும்.

மத்திய அரசு 2019-இல் தொடங்கிய குசும் திட்டத்தில் சூரிய சக்தி பம்ப்செட்டுக்கு மானியம் உண்டு. இரவில் விழித்திருந்து நீர் பாய்ச்சும் தொல்லை இதனால் நீங்கும். ஆயினும் வெயில் உள்ளவரை ஓடும் பம்ப்செட், கட்டுப்பாடு இல்லையேல் கிணற்றை விரைவில் வற்றச் செய்துவிடும். சொட்டு நீர்ப் பாசனத்தோடு சேர்த்தே இதை அமைக்க வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. துளையிட்ட ஓர் அடி நீளக் குழாயை வயலில் பதித்து, அதில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் அரை அடி இறங்கிய பின் மறுநீர் பாய்ச்சலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் கால் பங்கு நீர்வரை மிச்சமாகும்.

கரும்பு, வாழை, தென்னை, காய்கறிக்குச் சொட்டு நீர்ப் பாசனம் ஏற்றது. சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு 100 சத மானியம் வழங்குகிறது. ஒழுகும் புட்வால்வை மாற்றுவதும், குழாயில் தேவையற்ற வளைவுகளைக் குறைப்பதும், கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ற குதிரைத் திறனுள்ள மோட்டாரைப் பொருத்துவதும் பெருஞ்செலவில்லாத வேலைகள். இடமுள்ளவர்கள் பண்ணைக்குட்டை வெட்டினால், கொட்டித் தீர்க்கும் மழையில் ஒரு பகுதியாவது நிலத்தில் தங்கும்.

மின்வெட்டு வந்த பிறகு மின் அலுவலகத்துக்கு நடப்பதைவிட, பத்து மணி நேரம் ஓடும் மோட்டார் ஏழு மணி நேரத்தில் நிற்கும்படி வயலைத் திருத்திக்கொள்வது விவசாயியின் கையில் உள்ளது. வரும் கோடைக்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும்.