தலைவனும் தேசத்தின் செல்வமும்

1966ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியினின்று விடுபட்ட போட்ஸ்வானா, கடும் வறட்சியில் கால்நடைகள் மடிந்து கிடக்க, தார்ச்சாலையெனச் சொல்லத்தக்கது சுமார் 12 கிலோமீட்டரே உடையதாய், உலகின் பரம தரித்திர நாடுகளுள் ஒன்றாக நின்றது. மறு வருஷம் ஓராபாவில் வைரம் கண்டறியப்பட்டது. அந்நிலமோ, முதல் ஜனாதிபதி செரெட்சே காமா பிறந்த பாமாங்வாட்டோ குலத்தாரின் பூமி. ஆங்கிலப் பெண்மணியை மணந்ததற்காக நாடு கடத்தப்பட்டு, 1956இல் குலத்தலைமையைத் துறந்த பின்னரே தாயகம் திரும்பிய அம்மனிதர், தம் குலத்தாருக்கே அச்செல்வத்தை உரித்தாக்க முயன்றிருக்கலாம். அவரோ, கனிம உரிமைகளை ராஜ்யத்துக்கே உரியனவாக்கும் சட்டத்தை 1967இல் நிறைவேற்றுவித்தார். 1975இல் டி பியர்ஸ் கம்பெனியிடமிருந்து வைரச் சுரங்கத் தொழிலில் சரிபாதிப் பங்கும் பெற்று, வருவாயைக் கல்விக்கும் சாலைகளுக்கும் திருப்பினார். அவருடைய வாழ்க்கையில் என் நெஞ்சை மிகவும் கவர்வது இந்தத் தியாகமே.

சியரா லியோனிலும் வைரம் விளைந்தது; அங்கே 1991இல் மூண்ட உள்நாட்டுப் போருக்கு அதுவே தீனியாயிற்று. ஆயினும் காமா ஒருவரே சகலத்தையும் சாதித்தார் என்பது மிகை. சாமானியனும் எழுந்து தலைவனைக் கேள்வி கேட்கும் ‘கொட்லா’ என்னும் ஊர்ச்சபை, அவருக்கு முன்பே அம்மக்களைப் பண்படுத்தி வைத்திருந்தது. பண்பட்ட அந்நிலத்தைப் பாழாக்காமல், தாமும் சட்டத்துக்கு அடங்கி நடந்ததே அவர் மேன்மை. 1980இல் அவர் காலமானபோது, உபஜனாதிபதி மசிரே, அரசியல் சாசனம் விதித்தபடியே, கலவரம் ஏதுமின்றிப் பதவியேற்றார்.