வீட்டை நகர்த்திப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள், "வீட்டை நகர்த்திப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கவில்லை. சேர்க்க அவசியமும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பூமியைப் பற்றிக்கொண்டு நிற்பது நம் வீடு. அதில் குடியிருப்பவர்கள் மாறலாம், வீடு மாறுவதில்லை.

நியூஸிலாந்து தேசத்திலோ, மனிதர் வீடு மாறுவது போலவே வீடும் மனை மாறுகிறது. ஊர் அடங்கிய பிறகு, சமையலறையும் படுக்கையறையும் தாழ்வாரமும் அடங்கிய வீடு ஒன்று நீண்ட லாரியின் மேல் ஏறிக்கொண்டு, முன்னும் பின்னும் விளக்கு வைத்த வண்டிகள் காவல் வர, வீதியில் மெதுவாகப் பவனி போகும். நம் ஊரில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவருக்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, அவ்வளவு கவனம் அந்த லாரியை ஓட்டுகிறவருக்கும் வேண்டும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? அந்நாட்டுப் பழைய வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. மரச் சட்டமும், வெளிப்புறம் பலகையும், மேலே தகரக் கூரையுமாக இருப்பதால் கனம் குறைவு. தரையோடு ஒட்டாமல் குட்டையான கால்களின் மேல் நிற்பதால், அடியில் ஆள் தவழ்ந்து போக இடம் உண்டு. மேலும் அந்த மரம் சாமான்யமானதன்று. கௌரி, ரிமு முதலிய காட்டு விருட்சங்கள் பல நூற்றாண்டு வளர்ந்து முற்றியவை. அத்தகைய மரத்தை இன்று புதிதாக வாங்குவது மிக அரிது. இடித்து எறிந்தால் போனது போனதுதான்.

வீடு வேறு, நிலம் வேறு என்பதை அத்தேசத்தார் துயரத்தோடு அறிந்துகொண்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2011-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி கிறைஸ்ட்சர்ச் நகரைப் பூகம்பம் உலுக்கியது. நீர் ஊறிய மணற்பாங்கான பூமி குலுக்கலில் பலம் இழந்து, குழம்பாகிப் பொங்கி வந்தது. பின்னர் அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 8,000 மனைகளைக் குடியிருக்கத் தகாதவை என்று சர்க்கார் ஒதுக்கிவிட்டார்கள். அவற்றின் மேல் நின்ற வீடுகளில் அநேகம் இடிக்கப்பட்டன. ஆனால் சில வீடுகள் பழுதில்லாமல் இருந்தன. குற்றம் கீழே இருந்த மண்ணினுடையதே. அவை தூக்கி எடுக்கப்பட்டு, வேறு ஊர்களில் உறுதியான பூமியின் மேல் மீண்டும் குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன.

ஆகவே, வீட்டை நகர்த்துகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது வீட்டையன்று, அது போய் உட்கார வேண்டிய மனையை. மண் பாரம் தாங்குமா? சரிவு எவ்வளவு? மழைநீர் எங்கே ஓடும்? லாரி நுழைய வாசல் உண்டா? இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பிறகே வீட்டுக்கு விலை பேசலாம். 2004-ஆம் வருஷத்துக் கட்டிடச் சட்டப்படி நகரசபையின் அனுமதியும் பெற வேண்டும். அஸ்திவாரத்துக்கு வரைபடம் வேண்டும்; வீடு மீண்டும் நிறுத்தத் தகுந்ததுதானா என்ற பரிசோதனை அறிக்கையும் பல இடங்களில் கேட்பார்கள்.

இன்னொரு நுட்பம் என் மாணவர்களைப் பெரிதும் கவர்ந்தது. நியூஸிலாந்து பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே உள்ளது. அங்கே நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கிறான். குளிர் நாடாகையால், குடும்பத்தார் கூடும் அறை வடக்கு நோக்கியிருந்தால்தான் வீட்டில் வெயில் விழும். பழைய மனையில் தெற்கு நோக்கிக் கிடந்த கூடத்தைப் புதிய மனையில் வடக்கே திருப்பி வைத்துக்கொள்ளலாம். நின்ற வீட்டுக்குக் கிடைக்காத பாக்கியம் இது! ஆனால் வீடு வருமுன்பே திசையை நிச்சயித்துவிட வேண்டும். இறக்கி வைத்த பிறகு, "கொஞ்சம் இப்படித் திருப்பு" என்று சொல்வதற்கு அது சாய்வு நாற்காலி அன்று.

வேலை நடக்கும் விதம் இதுதான். தண்ணீர், கழிவுநீர், மின்சார இணைப்புகளைத் துண்டிக்கிறார்கள். செங்கல் புகைபோக்கியை இடித்து அகற்றுகிறார்கள். ஜாக்கிகளால் வீட்டை உயர்த்தி, லாரியை அடியில் புகுத்துகிறார்கள். வழியில் உள்ள பாலம், மின்கம்பி, மரக்கிளை ஆகியவற்றை அளந்து பார்த்து, வீடு பெரிதானால் இரண்டு மூன்று துண்டாக அறுத்து, கூரையையும் கழற்றிக்கொள்கிறார்கள். புதிய மனையில் கட்டைகளை அடுக்கி அவற்றின் மேல் வீட்டை நிறுத்தி, அடியில் குழி தோண்டிக் கால்கள் நட்டு, பூகம்பத்துக்கு ஈடுகொடுக்கும்படி முட்டுக் கொடுத்து, பிறகு மெல்ல இறக்குகிறார்கள். பிரயாணம் ஓர் இரவு. அதன் பிறகுள்ள பணிகளோ பல மாதம். குழாய், கழிவு வாய்க்கால், மின்சாரம், அறுத்த இடத்தை ஒட்டுதல், விரிசல் அடைத்தல், வர்ணம் பூசுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து போக வேண்டும்.

செலவுக் கணக்கில்தான் பலர் இடறுகிறார்கள். பழைய வீடு மலிவாகக் கிடைக்கும். கொண்டுவந்து சேர்க்கும் கூலியையும் சேர்த்தே விலை சொல்பவர்கள் உண்டு. அதைக் கேட்டு மகிழ்ந்துபோகிறவர், அஸ்திவாரமும் இணைப்புகளும் செப்பனிடுதலும் தம் தலையில் என்பதை மறந்துவிடுகிறார். லாரியின் மேல் இருக்கும் வீட்டை நம்பிக் கடன் கொடுக்கப் பாங்கிகளும் தயங்கும். அது பூமியில் நிலைபெற்ற பிறகே அதற்கு மதிப்பு. ஆதலால் கைப்பணம் வேண்டும். வழியில் சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

செங்கல் கட்டிடமும் அசையாமல் இருந்துவிடுவதில்லை. ஆக்லாந்து நகரில் 1886-இல் கட்டிய பழைய விடுதி ஒன்று, சாலைச் சுரங்கம் தோண்டுவதற்காக 2010-இல் சுமார் நாற்பது மீட்டர் மேட்டில் நகர்த்தப்பட்டு, பிறகு 2011-இல் பழைய இடத்துக்கே திரும்பியது! ஆனால் அதற்கு ஆன இன்ஜினீயர்களின் பிரயாசையும் திரவியமும் ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமன்று.

நமக்கு உகந்த முறை வேறு. பிரித்து எடுத்துப் பொருத்துவது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், செட்டிநாட்டு வணிகர் இல்லமும் கேரளத்து மரவீடுகளும் அவ்வாறே பிரித்துக் கொண்டுவரப்பட்டுக் கைதேர்ந்த தச்சர்களால் மீண்டும் எழுப்பப்பட்டிருக்கின்றன. ஆனால் எத்தனையோ நல்ல வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. பர்மாத் தேக்குத் தூண் ஒரு கடைக்கும், நிலைக்கதவு இன்னொரு கடைக்கும், ஓடு வேறோர் ஊருக்குமாகப் பிரிந்துவிடுகின்றன. மரம் பிழைக்கிறது, வீடு பிழைப்பதில்லை.

நம் ஊர்களில் பாகப்பிரிவினையின்போதும், பழைய வீட்டை இடிக்க ஒப்பந்தம் எழுதும்போதும், பூமிக்கு என்ன விலை என்று மாத்திரமே கேட்கிறோம். மேலே நிற்பதற்கும் ஒரு விலை உண்டு என்று எண்ணி, கடப்பாரையை எடுக்குமுன் ஒரு நல்ல தச்சரை அழைத்துக் காட்டினால் குற்றமில்லை. தூண், உத்தரம், நிலை எல்லாவற்றுக்கும் வரிசையாக இலக்கமிட்டுப் படம் எழுதிக்கொண்டு பிரித்தால், அவை வேறொரு மனையில் மீண்டும் ஒரே வீடாகக் கூடலாம். இலக்கமிடாமல் பிரித்தவை வெறும் மரமாகவே விலைபோகும்.