கண்ணீர் போதும், கார்ட்டூன் வரைவோம்

கார்ட்டூன்னா சும்மா சிரிச்சிட்டுப் பக்கத்தைப் புரட்டுற விஷயம்னு நினைக்கிறோம். 'சிரித்திரன்' சுந்தர் எனும் சிவஞானசுந்தரம் அப்படி நினைக்கவில்லை. தினகரனில் அவர் வரைந்த சவாரித்தம்பர் யாழ்ப்பாணத்துப் பேச்சையே பேசினார். 1964இல் தொடங்கிய சிரித்திரனிலும் சொந்தச் சனங்களின் பகட்டைத்தான் முதலில் பகிடி பண்ணினார்.

கம்பளையில் இருக்கிற நமக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் தூரம்தான். ஆனா நம்ம லயத்திலும் நக்கலுக்குப் பஞ்சமில்லையே! கொழுந்து நிறுக்கும்போது கழிக்கிற கிலோ, தேர்தலுக்கு மட்டும் மலையேறுகிற தலைவர்மார், கொழும்புக்குப் போய்ப் பேச்சே மாறிவந்த நம்ம பொடியன்கள்... எல்லாத்தையும் கட்டம் போட்டு வரையலாம். மலையகத்தை எப்பவும் கண்ணீரோடயே காட்டினது போதும்.

நூலகம் இணையத்தளத்தில் பழைய சிரித்திரன் இதழ்கள் இருக்கு. பாருங்க, பிறகு பென்சிலை எடுங்க.