பொவே கோபுரம் உயரத்தால் விழவில்லை

கோதிக் தேவாலயங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் பொவே கதைக்கு வந்து நிற்பார்கள். பிரான்ஸில், பாரிஸுக்கு வடக்கே இருக்கும் ஊர். அங்கே எல்லோரையும் விட உயரமா ஒரு தேவாலயம் கட்ட ஆசைப்பட்டாங்க, அது இடிஞ்சு விழுந்தது, பேராசை பெருநஷ்டம், கதை முடிஞ்சது. யூடியூப் வீடியோவா இருந்தாலும் சரி, செமினார் ஸ்லைடா இருந்தாலும் சரி, இதே நீதிதான்.

இந்த நீதி சொல்ல ஈஸி. ஆனா பாதிதான் உண்மை. சிவில் படிக்கிறவங்க மட்டுமில்லை, எந்த பிராஞ்சா இருந்தாலும் நாம பொவேகிட்ட கத்துக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவா வச்சுக்கணும். பொவேயில் பெரிய இடிபாடு நடந்தது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. 1284-இல் ஒன்று, 1573-இல் இன்னொன்று. நடுவில் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம். இரண்டையும் ஒரே கதையா சுருட்டிச் சொல்லும்போதுதான் குழப்பம் வருது.

முதல் கதை. பழைய தேவாலயம் தீயில் சேதமானதால், 1225-இல் மிலோன் தெ நான்டுய் என்ற பிஷப் புதுசா கட்ட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் பொவே பிஷப் வெறும் மதத் தலைவர் இல்லை, அந்த ஊருக்கே பிரபு. ராஜாவோடு அதிகாரச் சண்டை போடுற அளவுக்கு செல்வாக்கு. பக்கத்து ஊர்களில் ஏற்கனவே போட்டி நடந்துகொண்டிருந்தது. பாரிஸ் நோத்ர தாமின் உள்கூரை சுமார் 33 மீட்டர், ஷார்த்ர் சுமார் 37, அமியான் 42. பொவே 48 மீட்டருக்குப் போனது. நம்ம கணக்கில் சொன்னால் பதினஞ்சு மாடி உயரத்தில் கல்லால் ஒரு கூரை.

இதில் கௌரவம் இருந்தது உண்மைதான். ஆனா கௌரவம் மட்டும் இல்லை. 1144-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் சான் தெனி மடத்துக் கோவிலின் புதிய கிழக்குப் பகுதியைத் திறந்த மடாதிபதி சூஜேர் காலத்திலிருந்தே, வெளிச்சம் என்பது கடவுளை நோக்கிப் போற வழி என்கிற எண்ணம் கட்டடக்கலைக்குள்ளே வந்துவிட்டது. சுவர் கனமா இருந்தா ஜன்னல் பெருசா வைக்க முடியாது. அதனால சுமையைச் சுவரிலிருந்து எடுத்து, உள்ளே விலா மாதிரி ஓடுற வளைவுகளுக்கும், வெளியே சாய்வா நின்று முட்டுக் கொடுக்கிற பறக்கும் வளைவுகளுக்கும் மாற்றினார்கள். சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வந்தது. உயரம் கூடக்கூட வெளிச்சமும் கூடும். நம்பிக்கையும் ஸ்ட்ரக்சரும் இங்கே தனித்தனி இல்லை.

1272-இல் பொவேயின் பீடப் பகுதி தயாரானது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1284-இல், அந்த உள்கூரையில் ஒரு பகுதி இடிந்தது. ஏன்? இன்னைக்கு வரைக்கும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. காற்றின் விசையா, தூண்களுக்கு நடுவில் இருந்த அதிக இடைவெளியா, மேல்பகுதியில் இருந்த மெல்லிய கற்களா என்று விவாதம் தொடர்ந்துகொண்டே இருக்கு.

ஆனா அவங்க அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க என்பதுதான் எனக்கு முக்கியம். விட்டுட்டு ஓடல. உயரத்தைக் குறைக்கவும் இல்லை. தூண்களுக்கு நடுவில் புதுத் தூண்கள் சேர்த்து, இடைவெளியைப் பாதியாக்கி, நாலு பாகமா இருந்த உள்கூரையை ஆறு பாகமா மாற்றிக் கட்டினார்கள். கால்குலஸ் கிடையாது, விசையைப் பற்றிய நியூட்டன் விதி கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. விழுந்ததைப் பார்த்து, புரிஞ்சுகிட்டு, திருத்தினாங்க. அந்த 48 மீட்டர் கூரை இன்றும் நிற்கிறது. கோதிக் தேவாலயங்களிலேயே உயரமான உள்கூரை அதுதான். உயரம்தான் பாவம் என்றால் அது எப்பவோ தரைமட்டமாகி இருக்கணும்.

இப்போ இரண்டாவது கதை.

நூறாண்டுப் போரும் கொள்ளை நோயும் வந்து வேலை நின்றுபோனது. 1500 வாக்கில்தான் குறுக்குப் பகுதியைக் கட்ட ஆரம்பித்து, 1550-ஐ ஒட்டி முடித்தார்கள். பாக்கி இருந்தது மக்கள் நின்று வழிபடும் நீளமான மேற்குப் பகுதி. ஒரு தேவாலயத்துக்கு அடுத்து என்ன வேணும்? மக்கள் நிற்க இடம். ஆனா அவங்க முடிவு செஞ்சது கோபுரம்.

ஏன் என்று புரிய அந்த வருஷங்களின் மத அரசியலைப் பார்க்கணும். பொவேயின் பிஷப்பாக இருந்தவர் ஒதே தெ ஷதியோன் என்ற கர்தினால். 1561-இல் அவரே வெளிப்படையாகப் புராட்டஸ்டன்ட் பக்கம் சாய்ந்தார். 1563-இல் போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1562-இல் பிரான்ஸில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் போரே தொடங்கிவிட்டது. சொந்த பிஷப்பே அந்தப் பக்கம் போன ஊரில், 1564-இல் கோபுர வேலை தொடங்குது. அந்தக் கோபுரம் ஒரு அறிக்கை என்றுதான் நான் வாசிக்கிறேன். 'நாங்க இன்னும் இங்கேதான் இருக்கோம்' என்று கல்லிலும் மரத்திலும் எழுதின அறிக்கை.

1569-இல் கோபுரம் முடிந்தபோது உயரம் 153 மீட்டர். அந்தக் காலத்தில் உலகின் மிக உயரமான கட்டடங்களில் ஒன்று. சிலுவை வடிவத்தின் நடுவில், நாலு தூண்கள் மேல் நின்றது. கிழக்கே பீடப் பகுதி முட்டுக் கொடுக்குது. வடக்கிலும் தெற்கிலும் குறுக்குப் பகுதிகள் முட்டுக் கொடுக்குது. மேற்கில்? ஒண்ணுமே இல்லை. அங்கே வரவேண்டிய பகுதியைத்தான் கட்டவே இல்லையே. ஒரு வளைவு எப்பவும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று முதல் வருஷ மெக்கானிக்ஸிலேயே படிச்சிருப்போம். மூணு பக்கம் தடுப்பு, ஒரு பக்கம் காலி. மேற்குத் தூண்கள் சாய ஆரம்பித்தன.

யாரும் கவனிக்காம இல்லை. 1571-இலேயே ராஜாவின் கொத்தனார் மேஸ்திரிகள் வந்து பார்த்தார்கள். தூண்களைப் பலப்படுத்தணும், மேற்குப் பக்கம் முட்டுக் கொடுக்கணும் என்று சொன்னார்கள். பணமும் முடிவும் கையில் வைத்திருந்த குருக்கள் குழு யோசித்தது, இன்னும் யோசித்தது. 1573 ஏப்ரல் 30, கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள். மக்கள் ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரத்தில் கோபுரம் இடிந்து விழுந்தது. ஊர்வலம் இன்னும் உள்ளே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் என்று நினைச்சுப் பாருங்க.

இரண்டு இடிபாட்டுக்கும் வித்தியாசம் தெரியுதா? 1284-இல் அவங்களுக்குத் தெரியாது. 1573-இல் தெரியும். முதலாவது அறிவின் எல்லை. இரண்டாவது, தெரிஞ்ச பிறகும் தள்ளிப்போட்டது. இரண்டையும் 'பேராசை' என்ற ஒரே மூட்டையில் கட்டினா, முதல் தலைமுறைக்கு அநியாயம், இரண்டாவது தலைமுறைக்குத் தப்பிக்க வழி.

'ஆசைப்பட்டதாலதானே கோபுரமே வந்தது, அப்போ பேராசைதானே காரணம்' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா 153 மீட்டருக்கு ஆசைப்பட்டது மட்டும் அதைத் தள்ளிவிடவில்லை. ஜெர்மனியின் உல்ம் தேவாலயக் கோபுரம் 161 மீட்டர் தாண்டி இன்றும் நிற்கிறது. அது முழுசா முடிஞ்சது 1890-இல்தான், கோபுரம் கட்டின இடமும் வேறே, அது சரி. ஆனா உயரம் மட்டுமே குற்றவாளி இல்லை என்பதற்கு அது போதும். பொவேயில் குற்றம் வரிசையில் இருக்கு. தாங்க வேண்டியதை முதலில் கட்டாமல், தெரிய வேண்டியதை முதலில் கட்டினார்கள். அப்புறம் எச்சரிக்கை வந்தும் காத்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் ஈலி தேவாலயத்தை இதோடு வைத்துப் பாருங்க. 1322-இல் அதன் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. அவங்க அதே கோபுரத்தை அதே நாலு தூணில் திரும்ப ஏற்றவில்லை. சுமையை எட்டு மூலைக்குப் பரப்பி, மேலே கல்லுக்குப் பதில் இலேசான மரக் கூடு வைத்து, இருபது வருஷத்தில் முடித்தார்கள். இன்றைக்கு அதைப் பார்க்கத்தான் உலகமே ஈலிக்குப் போகுது. இடிந்துபோன இடம்தான் அந்தக் கோவிலின் அழகான இடமாகிவிட்டது. அங்கேயும் அதே மதம், அதே நம்பிக்கை, ஏறக்குறைய அதே தொழில்நுட்பம். கேட்கும் காது மட்டும் வேறே.

பொவேயில் கோபுரம் திரும்ப எழும்பவே இல்லை. மேற்குப் பகுதியும் வரவில்லை. ஒரு சுவர் வைத்து மூடிவிட்டார்கள். இன்றைக்குப் போனால் பாதித் தேவாலயம்தான். அது நிற்க வேண்டிய மேற்குப் பக்கத்தில், பத்தாம் நூற்றாண்டின் பழைய சின்னக் கோவில் ஒன்றின் மிச்சம் இன்னும் அப்படியே இருக்கு. அந்தக் கோவிலை இடித்துத்தான் புதிய பகுதியைக் கட்டணும் என்று இருந்தாங்க. கடைசியில் பெரியது முடியாமல் நின்றுபோக, சின்னது தப்பித்துக்கொண்டது.

நம்மில் பலர் அடுத்த வருஷம் சைட்டிலோ, பிளான்ட்டிலோ, கோட் ரிவ்யூவிலோ உட்காரப் போறோம். பெரிய கனவு காணாதே என்று பொவே நமக்குச் சொல்லவில்லை. 48 மீட்டர் கனவு இன்னும் நின்னுகிட்டுதான் இருக்கு. திறப்பு விழா கோபுரத்துக்குத்தான் நடக்கும், முட்டுச் சுவருக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க. அதனாலதான் முட்டுச் சுவர் எப்பவும் அடுத்த பட்ஜெட்டுக்குப் போகும். ஒருத்தர் வந்து 'தூண் சாயுது சார்' என்று சொல்லும்போது, அந்த வாக்கியத்துக்கும் வேலை தொடங்குவதற்கும் நடுவில் எத்தனை நாள் ஆகுது? ஒரு நிறுவனத்தை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான். பொவேயில் அது இரண்டு வருஷம். அதுவே அதிகம்.